எழுநூறு கிராம்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மேட்டுத்தெரு பால்வாடியில் எடை போடும் நாள். பெருந்தேவி டீச்சருக்கு அந்த நாள் என்றால் தனி உற்சாகம். ஒன்பது மணிக்கே பெஞ்சின் மேல் ஏறி, கூரைக் கொக்கியில் தராசை மாட்டிவிடுவாள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான முகம், அதில் ஒரே ஒரு முள், அடியில் ஒரு கொக்கி. அவ்வளவுதான் தராசு. உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. கொக்கியில் தொங்கும் பாரம் வில்லைக் கீழே இழுக்கும். வில் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தூரம் முள் நகரும். பிள்ளையைத் தூக்கி வந்த அம்மா யாராவது நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருந்த அந்த ஊரில், இரண்டாயிரத்து நான்காம் வருடம், பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு திரும்பி, வரிசையாகக் கட்டிவிட்டிருந்த பத்துக்குப் பத்து அறைகளில் குடியேறியிருந்தார்கள். அந்தப் பெண்களுக்குப் பிள்ளை விஷயத்தில் சந்தேகம் வந்தால் கேட்பதற்குச் சொந்தபந்தம் என்று பக்கத்தில் ஒருவரும் கிடையாது. பால்வாடிதான் இருந்தது. காலையில் பாட்டு, பதினொன்றரைக்குச் சாதம், கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சத்துமாவுப் பாக்கெட், நர்ஸம்மா வரும் நாளில் தடுப்பூசி. இதோடு, எதைக் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லும் ஒரு டீச்சர்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை உண்டு. அடிப்பக்கம் வயது, மாதக் கணக்கில். இடப்பக்கம் எடை, கிலோ கணக்கில். நடுவே கீழிருந்து மேலாக வளைந்து ஏறும் நான்கு கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. குழந்தையின் எடையை மாதாமாதம் புள்ளி வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் அந்தக் குழந்தைக்கென்று ஒரு கோடு கிடைக்கும். அது அச்சடித்த கோடுகளோடு கூடவே ஏறினால் நல்லது. படுத்துக்கொண்டால் கவனிக்க வேண்டும். மூன்றாவது கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் உடனே டாக்டரிடம் அனுப்பி, சத்துமாவும் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். "எவ்ளோ எடைன்னு மட்டும் பாக்காதீங்க, கோடு எந்தப் பக்கம் போவுதுன்னு பாருங்க" என்று பெருந்தேவி சாக்பீஸால் தரையிலேயே வரைந்து காட்டுவாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட அவள் சொன்ன பிறகு அட்டையைத் தாங்களே படித்தார்கள்.

ஜூன் மாத எடை நாளில் தங்கமாரி கடைசி ஆளாக வந்து நின்றாள். ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பெண். அவள் கணவன் நயினாருக்குக் கார் சீட்டும் பெல்ட்டும் செய்கிற கம்பெனியில் வேலை. மகள் கனிஷ்காவுக்குப் பதினைந்து மாதம். ஆயா பாப்பம்மாள் குழந்தையை வாங்கித் தொட்டிலுக்குள் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பக்கிளை டக் டக்கென்று பூட்டி, தொட்டிலோடு தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். தொட்டில் என்றால் தராசில் தொங்கவிடுகிற இருக்கை. இந்தத் தொட்டில் நயினார் தைத்துக் கொடுத்தது.

முள் ஆடி நின்றது.

"ஆறு கிலோ தொள்ளாயிரம்" என்றாள் பெருந்தேவி. "போன மாசத்துக்கு நூறு கம்மி. பரவால்ல, பல்லு மொளைக்கிற நேரம். வெயிலு வேற."

தங்கமாரி நகரவில்லை. "டீச்சர், ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நேத்து ரேஷன் கடைக்குப் போனேன்லா. கூட்டம் இல்ல. அந்த அண்ணன்ட்டச் சொல்லி இவளத் தராசுத் தட்டுல உக்கார வச்சுப் பாத்தேன். ஆறு கிலோ எரநூறுதான் காட்டுது."

சத்துமாவுக்காகக் காத்திருந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெருந்தேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரேஷன் கடைத் தராசா? அரிசியவே கொறைக்கிற தராசும்மா அது. உம் பொண்ண மட்டும் விட்டுவெக்குமா?"

கூடம் சிரித்தது. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த செல்வலட்சுமி மகன் அஸ்வினை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். "தட்டுலேந்து எறக்கசொல்ல கையி காலெல்லாம் எண்ணிப் பாத்தியா? அதுல ஒண்ண எடுத்து வெச்சிக்கினு இருக்கப் போறான்."

"அதில்ல டீச்சர்" என்றாள் தங்கமாரி. குரல் இறங்கிவிட்டது. "சாயங்காலமானா உடம்பு கதகதன்னு இருக்கு. தூங்கையில வேத்து ஊத்துது. இடுப்புல வச்சா எனக்கே தெரியுது, பிள்ள கனமே இல்ல."

"உன் இடுப்பு இன்னா தராசா?" என்றாள் பெருந்தேவி. மறுபடி சிரிப்பு. அவள் அட்டையை எடுத்துப் பொறுமையாகக் காட்டினாள். "இதோ பாரு. பிப்ரவரில ஆறு எட்டு. மார்ச்ல ஏழு ரெண்டு. அப்புறம் நூறு நூறா எறங்கி இப்போ ஆறு ஒம்பது. இன்னும் பிப்ரவரிக்கு மேலதானே நிக்குது? மூணாவது கோட்டுக்கு எவ்ளோ மேல இருக்கு பாரு. நீ பயப்படறது மாதிரி ஒண்ணும் இல்ல."

"எங்க வீட்லயும் அவுக இதத்தான் சொல்லுதாவ" என்றாள் தங்கமாரி. "டீச்சர் சார்ட்டு போட்டுக் காட்டுதாவ, நீ எதுக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அலையுதன்னு." யாரையும் பார்க்காமல் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

மதியம் பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கினார்கள். பெருந்தேவி பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். காலையில் தான் சொன்னது நினைவுக்கு வந்து மறுபடி சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. ஏமாற்றுகிற தராசு எப்படி ஏமாற்றும் என்று யோசித்துப் பார்த்தாள். கடைக்காரன் பத்து கிலோ என்று சொல்லி ஒன்பதரை கிலோ கொடுக்க வேண்டும். அப்படியானால் தட்டில் ஒன்பதரை இருக்கும்போதே முள் பத்தைக் காட்ட வேண்டும். அதாவது, ஏமாற்றுகிற தராசு இருப்பதைவிடக் கூட்டித்தான் காட்டும். குறைத்துக் காட்டினால் நஷ்டம் அவனுக்குத்தான்.

பேனா நின்றுவிட்டது.

ரேஷன் கடைத் தராசு ஆறு இருநூறு என்றால், குழந்தை அதிகபட்சம் ஆறு இருநூறு. திருட்டுத் தராசாக இருந்தால் அதற்கும் கீழே. எப்படிப் பார்த்தாலும் ஆறு தொள்ளாயிரம் வராது.

அப்போதும் அவளுக்குத் தன் தராசின் மேல் சந்தேகம் வரவில்லை. அதைச் சரி என்று நிரூபித்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தாள். "ஆயா, கடைக்குப் போயி ரெண்டு பாக்கெட் உப்பு வாங்கினு வாயேன், ஒரு கிலோ பாக்கெட்டு" என்றாள்.

"நேத்துதானே வாங்கனோம். இன்னாத்துக்கு இவ்ளோ உப்பு?"

"நீ வாங்கினு வா."

இரண்டு பாக்கெட்டையும் தொட்டிலில் வைத்து மாட்டினாள். முள் இரண்டைத் தாண்டிப் போய் இரண்டு எழுநூறில் நின்றது. உப்பை எடுத்தாள். வெறும் தொட்டில் தொங்கியது. முள் எழுநூறில் நின்றது. தொட்டிலையும் கழற்றினாள். முள் பூஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது.

தராசில் எந்தக் கோளாறும் இல்லை. அதன் தலையில் ஒரு திருகு உண்டு. வெறும் தொட்டிலை மாட்டிவிட்டு, முள் பூஜ்யத்தில் நிற்கும்வரை அந்தத் திருகைத் திருப்ப வேண்டும். அப்படிச் செய்தால் தொட்டிலின் எடை கணக்கிலிருந்து கழிந்துவிடும், பிள்ளையின் எடை மட்டும் தெரியும். முன்பு இருந்தது துணித் தொட்டில். கைக்குட்டை போல லேசு. அதற்காகத் திருகைத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்ற அவசியம்கூட இருக்கவில்லை. அந்தத் துணி பிப்ரவரி கடைசியில் கிழிந்தது. நயினார், தன் கம்பெனியில் கழித்துப் போட்ட சீட் பெல்ட்டைக் கேட்டு வாங்கி, உள்ளே ஸ்பாஞ்சு வைத்து, அடியில் ரெக்சின் போட்டு, இரண்டு இரும்புப் பக்கிளோடு புதிதாகத் தைத்துக் கொண்டுவந்தான். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து அழுவதை நிறுத்தினார்கள். பக்கிளைப் பூட்டும் சத்தத்துக்காகவே சிலர் சிரித்தார்கள். பாப்பம்மாள் ஒவ்வொரு பிள்ளையையும் தரையிலேயே வைத்துப் பூட்டித் தொட்டிலோடு மாட்டுவாள், தொட்டிலோடு இறக்குவாள். அதனால் வெறும் தொட்டில் கொக்கியில் தொங்கி, முள் எங்கே நிற்கிறது என்று மூன்று மாதமாக ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது பெருந்தேவி.

அட்டைக் கட்டை எடுத்துப் பிரித்தாள். முப்பத்தெட்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் மார்ச் மாதத்தில் கோடு மேலே குதித்திருந்தது. நன்றாக இருந்த பிள்ளை, சவலைப் பிள்ளை, காய்ச்சலில் கிடந்த பிள்ளை, எல்லாமே ஒரே மாதத்தில். மார்ச்சில் அவளும் அதைப் பார்த்தாள்தான். வாரம் ஒரு முட்டை கொடுத்ததால் என்று நினைத்து மகிழ்ந்தாள். சூப்பர்வைசர் லூர்தம்மாள் மாதக் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "மூணாவது கோட்டுக்குக் கீழ ஒரு பிள்ளைகூட இல்லாத சென்டர்" என்று கைதட்ட வைத்தாள். தொட்டிலையும் பார்த்து ஆசைப்பட்டு, நயினாரிடம் சொல்லி இன்னும் மூன்று சென்டருக்குத் தைத்து வாங்கினாள். அதை எப்படிப் பூட்டுவது, எப்படி மாட்டுவது என்று மற்ற டீச்சர்களுக்கு முன்னால் நின்று செய்து காட்டியது பெருந்தேவிதான். திருகைப் பற்றி அன்றைக்கும் அவள் வாயில் வரவில்லை.

பென்சிலை எடுத்து ஒவ்வொரு அட்டையிலும் எழுநூறைக் கழித்துப் பார்த்தாள். மூன்று பிள்ளைகள் மூன்றாவது கோட்டுக்குக் கீழே போனார்கள். அதில் இரண்டு பேர் மயிரிழையில், மூன்றாவது கனிஷ்கா. கனிஷ்காவின் புள்ளிகள் ஆறு எட்டு, ஆறு ஐந்து, ஆறு நான்கு, ஆறு மூன்று, ஆறு இரண்டு என்று ஒரே சரிவாக இறங்கியிருந்தன. ஆறு இரண்டு. ரேஷன் கடைத் தராசு நூறு கிராம்கூடப் பிசகவில்லை.

பாப்பம்மாள் உப்புப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றாள். முப்பது வருடம் பால்வாடியில் இருந்தவள். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"தெரியல ஆயா."

"ஒரேயடியா எழுநூறு கொறச்சின்னா மேடம் கேக்கும். மாசம் நூறு நூறா எறக்கிக்கினு வா. ஏழு மாசத்துல சரியாப் பூடும். யாருக்குத் தெரியப் போவுது?"

அந்த யோசனையைப் பெருந்தேவி உடனே தள்ளிவிடவில்லை. உண்மையைச் சொல்லப் போனால், ஜூலை, ஆகஸ்ட் என்று மனசுக்குள் ஒரு நிமிடம் போட்டுப் பார்த்தாள். ஏழாவது மாதம் ஜனவரி வந்தது. நான்கு மாதத்தில் அறுநூறு கிராம் இழந்த பிள்ளை ஜனவரிவரை என்னவாகும் என்பதும் அதே கணக்கில்தான் வந்தது. அவள் காதெல்லாம் சூடானது.

"உப்ப உள்ள வையி" என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தராசையும் ஒரு பழைய நூல் புடவைத் துண்டையும் பையில் போட்டுக்கொண்டு தங்கமாரியின் அறைக்குப் போனாள். நயினார் முதல் ஷிப்ட் முடித்து வந்திருந்தான். அடுப்பில் குக்கர் ஏறியிருந்தது. குழந்தை அவன் தோளில் சாய்ந்து கிடந்தது. டீச்சரைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டையை மாட்டினான்.

"வாங்க டீச்சர். ஏட்டி, அந்தச் சேர எடுத்துப் போடு."

"சேர் வேணாம். ஒரு தடவை மறுபடி எடை போட்டுப் பாக்கணும்."

நிலைக்கு மேலே இருந்த இரும்பு வளையத்தில் தராசை மாட்டினாள். புடவைத் துண்டை முடிந்து தொங்கவிட்டு, திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். குழந்தையைத் துணியில் வைத்தாள். தொடும்போதே உடம்பு கதகதவென்று இருந்தது. முள் ஆறு இருநூறில் நின்றது.

தங்கமாரி முள்ளையே பார்த்தாள்.

"காலையில ஆறு தொள்ளாயிரம்னு சொன்னியளாமே டீச்சர்" என்றான் நயினார்.

"அந்தப் புதுத் தொட்டில் எழுநூறு கிராம் இருக்கு நயினார்."

சொன்னது பொய்யில்லை. ஆனால் அவன் முகம் மாறியதைப் பார்த்ததும், தான் அதை எப்படிச் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் தைச்சதா?" என்றான். "எழுநூறா? ஐயையோ. கம்பெனியில ஒவ்வொரு பீஸுக்கும் இத்தனை கிராம்னு எழுதியே ஒட்டியிருப்பாவ. தினமும் அதப் பாத்துக்கிட்டுத்தான் வேலை பாக்கேன். இதுக்கு ஒரு தடவ எடை போட்டுப் பாக்கணும்னு தோணாமப் போச்சே." மனைவி பக்கம் திரும்பினான். "நாந்தாம்ட்டி. நாந்தான் இப்படிப் பண்ணி வச்சிருக்கேன்."

குக்கர் ஒரு விசில் அடித்தது. பெருந்தேவி வாயைத் திறக்கவில்லை. அவன் அந்தப் பழியைத் தானாகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டுவிட்டான். தலையாட்டினால்கூடப் போதும், கதை அப்படியே நின்றுவிடும். லூர்தம்மாளிடமும் சொல்லிக்கொள்ளலாம், தொட்டில்தான் கனம் என்று. ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். நயினார் குழந்தையைத் துணியிலிருந்து எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு இவ அம்மா கெடந்து அனத்தினா டீச்சர், நாந்தான் சத்தம் போட்டு அடக்கினேன்" என்று கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். இரண்டாவது விசில் வந்த பிறகுதான் அவளால் பேச முடிந்தது. அந்த இரண்டு விசிலுக்கு நடுவில் இருந்த நேரத்தை அவள் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். எழுநூறு கிராமைவிட அதுதான் அவளுக்குக் கனத்தது.

"இல்ல நயினார். தொட்டில் எவ்ளோ கனமா இருந்தாலும் ஒண்ணும் ஆவாது. முள்ளத் திருப்பி வெச்சிட்டா அது கணக்குல வராது. இப்போ இந்தத் துணிக்குத் திருப்பினேன்ல, அது மாதிரி. திருப்ப வேண்டியது நான். மூணு மாசமா ஒரு தடவைகூடத் திருப்பல. அந்தத் திருகு இருக்கே, அது உள்ள இருக்கிற வில்ல..."

வில்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

தங்கமாரி அடுப்பை அணைத்தாள். "காலையில இதச் சொல்லிருக்கலாம்லா டீச்சர். அத்தன பேரு இருக்கையில."

"காலையில எனக்கே தெரியாது தங்கமாரி."

"நான் சொன்னேன்லா."

சுவரில் சாய்த்து வைத்திருந்த பாய், கயிற்றில் காய்ந்த குழந்தைச் சட்டைகள் என்று பெருந்தேவி எங்கெங்கோ பார்த்தாள். கடைசியில், "நாளைக்குக் காலைல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாம். நானும் வரேன்" என்றாள்.

"நான் லீவு போடுதேன்" என்றான் நயினார்.

"வேண்டாம், டீச்சரே வரட்டும்" என்றாள் தங்கமாரி. "அங்க போயி அவுகதான் சொல்லணும்."

மறுநாள் பஸ் ஏறுவதற்கு முன்னால் பெருந்தேவி ஒரு ரூபாய் போன் இருந்த பெட்டிக்கடையில் நின்று லூர்தம்மாளைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். மற்ற மூன்று சென்டரிலும் இன்றைக்கே திருகைத் திருப்பி எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி எடை போடச் சொல்ல வேண்டும் என்றாள்.

"மாவட்ட ரிப்போர்ட்டே அனுப்பியாச்சு பெருந்தேவி."

"தெரியும் மேடம்."

"எழுத்துல குடு. தொட்டில்னு எழுதாத. நீ என்ன பண்ணலையோ அத எழுது."

"அப்படித்தான் மேடம் எழுதி வெச்சிருக்கேன்."

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்கு வெளியே நீள வரிசை. பதினோரு மணிக்கு அவர்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இளம்வயது டாக்டர் ஒருவர் இருந்தார். அவருக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்கும் தூரத்தில்தான் பரிசோதனை. குழந்தையின் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தார், கழுத்தில் விரல் வைத்து நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு தங்கமாரியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, குழந்தை இப்படி எலும்பா ஆகிற வரைக்கும் வீட்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க? பெத்த அம்மாவுக்குத் தெரியாதா? பால்வாடி ஒண்ணு இருக்கே, அங்கயாவது கொண்டு காட்டினீங்களா?"

தங்கமாரி தலையைக் குனிந்துகொண்டாள். பெருந்தேவி பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"மாசாமாசம் காட்டினாங்க டாக்டர்" என்றாள் பெருந்தேவி. வேண்டுமென்றே குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "நான்தான் அந்த பால்வாடி டீச்சர். புள்ள எளைக்குதுன்னு அவங்க சொன்னாங்க. சாயங்காலம் ஜுரம் வருதுன்னு சொன்னாங்க. நான் எடைய தப்பாப் போட்டு, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். நேத்துக்கூட பத்துப் பேரு எதிர்ல சிரிச்சி அனுப்பினேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். வரிசை முழுக்கப் பார்த்தது. அவள் அட்டையை மேசையில் வைத்தாள். பழைய கோட்டை அவள் அழிக்கவில்லை. அதற்குக் கீழே சிவப்பு மையில் சரியான கோட்டை வரைந்து, பக்கத்தில் தன் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

டாக்டர் சிவப்புக் கோட்டின் மேல் பேனாவை வைத்து மாதம் மாதமாக நகர்த்தினார். "பிப்ரவரியிலேந்தே இறங்குது" என்றார், தனக்குள் சொல்வது போல. பிறகு தங்கமாரியிடம், இந்தத் தடவை வேறு குரலில் பேசினார். "நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும்மா. கையில ஒரு ஊசி போட்டு ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கணும். ப்ரைமரி காம்ப்ளெக்ஸா இருக்கலாம். குழந்தைங்களுக்கு வர்ற ஒரு வகை டி.பி. ஆறு மாசம் விடாம மருந்து குடுத்தா சரியாயிடும். இன்னைக்கு அட்மிட் பண்ணிக்கிறேன்." சீட்டை எழுதிக்கொண்டே, "மார்ச்லயே வந்திருந்தா இவ்ளோ வாட்டம் இருந்திருக்காது" என்றார். யாரிடம் சொன்னார் என்று அவர் குறிப்பிடவில்லை. அவசியமும் இல்லை.

வெளியே வராந்தாவில் அட்மிஷன் தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பெருந்தேவி குழந்தைக்காகக் கையை நீட்டினாள். தங்கமாரி கொடுக்கவில்லை. குழந்தையை இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு வலக்கையில் பேனாவைப் பிடித்தாள். பெருந்தேவி தாளைச் சுவரோடு வைத்து நழுவாமல் பிடித்துக்கொண்டாள். தங்கமாரி நிதானமாக முழுப் பெயரையும் எழுதினாள்.

"நீங்க போங்க டீச்சர். அவுக ஷிப்டு முடிஞ்சதும் வந்துருவாவ."

"சாப்பிட எதாவது வாங்கியாந்து தரேன்."

"வேண்டாம். அங்க மத்த பிள்ளைங்க இருக்கும்லா."

அது கோபமா, அக்கறையா என்று பெருந்தேவிக்குப் பிடிபடவில்லை. கேட்கிற உரிமையும் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊரில் போய் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் தடவை திருகில் ஆரம்பித்து வில், தொட்டில் என்று போய்க் கடைசியில்தான் தன்னிடம் வந்தது. அதைச் சுருக்கினாள். இரண்டாவது தடவை தொட்டிலில் ஆரம்பித்தது. அதையும் வெட்டினாள். கம்பெனி பஸ்கள் வரிசையாக எதிரே போய்க்கொண்டிருந்தன. ஊர் வரும்போது ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியிருந்தது.

மூன்றாவது கோட்டுக்குக் கீழே போன மற்ற இரண்டு பிள்ளைகளில் ஒருவன் அஸ்வின். செல்வலட்சுமி வாசலில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் நேற்றைய சிரிப்பு இன்னும் தீராதவள் போலப் பல்லைக் காட்டினாள்.

"இன்னா டீச்சர், அந்தத் தெக்கத்திப் பொண்ணு இன்னிக்கு எங்க போயி எடை போட்டுச்சாம்? காயலான் கடையிலயா?"

"செல்வி, நான் புள்ளைங்கள தப்பா எடை போட்டுட்டேன்" என்றாள் பெருந்தேவி. "மூணு மாசமா. தங்கமாரி சொன்னதுதான் சரி."

குடம் நிரம்பி வழிந்தது. செல்வலட்சுமி குழாயை மூடவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதைப் பெருந்தேவி பார்த்தாள்.

"அப்போ எம்புள்ள?" என்றாள். "அஸ்வின் எவ்ளோ இருக்கான்?"

பெருந்தேவிக்கு அந்த எண் மனப்பாடமாகத் தெரியும். சொல்வதற்கு முன்னால், குனிந்து குழாயை மூடினாள்.